ஆபத்துக் காரணி பச்சமுத்து

ஆவாரங்காட்டு நடுநிலைப் பள்ளியில் காலையில் பெயர் கூப்பிடும்போது பாதிப் பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். மீதிப் பிள்ளைகள் இருமுவார்கள். தலைமையாசிரியை மைதிலி டீச்சர் இருமலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து வருகையைக் குறித்துக்கொள்வார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் கொஞ்சம் இருமுவார். மாசி பிறந்தால் மஞ்சள் வரும், மஞ்சள் வந்தால் இருமல் வரும் என்று எங்கள் ஊர் அதை வெயிலைப் போல ஏற்றுக்கொண்டிருந்தது. பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் நான் அந்த மாதங்களில் சுக்குக் காப்பிக்கென்று தனியாக ஓர் அடுப்பே போட்டுவிடுவேன்.

பள்ளிக்கும் கண்ணுசாமியின் மஞ்சள் களத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அவித்துக் காயவைத்த மஞ்சளைக் களத்தில் ஒரு பெரிய இரும்பு டிரம்மில் கொட்டி, மோட்டாரில் சுற்றவிடுவார்கள். உள்ளே கிழங்கோடு கிழங்கு உரசி, தோலும் வேரும் மண்ணும் உதிர்ந்து, மஞ்சள் பளபளவென்று பாலீஷ் ஆகி வெளியே வரும். மஞ்சள் சேலத்துக்குப் போகும். தோலும் வேரும் மண்ணும் நாலாம் வகுப்புக்குப் போகும். நாலாம் வகுப்பின் ஜன்னல்கள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் திறக்கின்றன.

டிரம்மை ஓட்டுகிறவன் பச்சமுத்து. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் மகள் ரஞ்சிதா நாலாம் வகுப்பு. அப்பன் சுவருக்கு இந்தப் பக்கம் சுவிட்சைப் போட்டால், மகள் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வாள்.

ரஞ்சிதாவுக்கு மற்றப் பிள்ளைகளைப் போல வெறும் இருமல் இல்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். மஞ்சள் காலம் முழுக்கக் காய்ச்சல், சளி, மருந்து, மறுபடி காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, "தூசி இவளுக்கு ஆகாதுப்பா. இப்படியே அடிக்கடி சளி பிடிச்சா நெஞ்சே கெட்டுப்போயிடும்" என்று எச்சரித்து அனுப்பினார். பச்சமுத்து பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்புகிற ரகம். நேராக முதலாளியிடம் போய் நின்றான்.

"ஏனுங்க, நாலு மணிக்குப் பள்ளிக்கோடம் உட்டுருவாங்க. அதுக்கப்பறம் டிரம்ம ஓட்டிக்கலாமுங்களா? எத்தன நேரமானாலும் நின்னு ஓட்டித் தாரனுங்க."

கண்ணுசாமியைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஆழமோ அதைவிட ஆழமாகத் தன் பெயரை வெட்டி வைத்தவர். அவருடைய பேரன் மட்டும் ராசிபுரத்தில் ஏ.சி. போட்ட பள்ளிக்கு வேனில் போய்வருகிறான்.

"நீ நிப்பே சாமி, லாரி நிக்குமா? சேலத்து செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரன் பகல்லயே சரக்கு வந்தாகோணுங்கறான்" என்றார். "அதுவுமில்லாம மஞ்சத்தூளு ஆருக்காச்சும் ஆகாமப் போகுமா? நாம மூஞ்சிலயே பூசிக் குளிக்கறோம்."

அதன் பிறகுதான் பச்சமுத்து கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளில் போய் வரிசையில் நின்றான். அவன் கேட்டது டிரம் ஓடும் நேரத்தில் ஒரு மாற்றம். அவனுக்குக் கிடைத்தது ஒரு குழு.

குழுவின் பெயர், பள்ளிச் சிறார் சுவாசத் தொற்றுச் சூழலியல் ஆபத்துக் காரணிகள் கண்டறிதல், களைதல் மற்றும் தொடர் கண்காணிப்புக் குழு. அதை ஒரே மூச்சில் சொல்வதற்கு நல்ல நுரையீரல் வேண்டும். எங்கள் பிள்ளைகளால் முடியவில்லை. வரவேற்புக்கு ஒத்திகை பார்த்தபோது 'சூழலியல்' வரைக்கும் வந்து இருமிவிட்டார்கள்.

ஆகவே குழு வருகிற அன்று இருமுகிற பிள்ளைகளையெல்லாம் சத்துணவு அக்காவோடு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவைத்தார்கள். குழுத் தலைவர் ஐயா பேசும்போது குறுக்கே இருமினால் மரியாதையாக இருக்காது அல்லவா. ரஞ்சிதாவும் அந்தக் கூட்டத்தோடு போனாள். கண்ணுசாமி குழுவின் மேல் உள்ள மதிப்பால் டிரம்மை நிறுத்தினார், டேங்கர் கொண்டுவந்து தெருவெல்லாம் தண்ணீர் தெளித்தார். இப்படியாக, பிள்ளைகள் ஏன் இருமுகிறார்கள் என்று கண்டறிய வந்த குழு, ஒரு பிள்ளையும் இருமாத, ஒரு தூசியும் பறக்காத பள்ளிக்குள் நுழைந்தது.

குழுத் தலைவர் டாக்டர் குருமூர்த்தி. சிரித்த முகம். சால்வையை ஏற்பதற்கு வசதியாகக் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தபடியே நடக்கப் பழகியவர். அவரோடு காற்றை அளக்கும் கருவி ஒன்றும் வந்தது. வெள்ளை நிறத்தில் ரொட்டிப் பெட்டி அளவு. முன்பக்கம் சல்லடை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றின் வழியாகத்தான் காற்று உள்ளே போகுமாம். மேலே சிவப்பு எழுத்தில் எண் ஓடும். எண் கூடினால் காற்று கெட்டது, குறைந்தால் நல்லது.

புதுச் சாமான் வந்தால் எங்கள் பக்கம் சும்மா விடமாட்டோம். லாரி ஆனாலும் போர்க்குழி போடும் ரிக் வண்டி ஆனாலும் பூஜை போட்டுத்தான் சாவியைத் தொடுவோம். கருவியை மேசைமேல் வைத்து, முன்னால் வாழைப்பழம் வைத்து, எலுமிச்சை வைத்து, சூடம் ஏற்றினார்கள். சூடப் புகையில் எண் விறுவிறுவென்று ஏறியது. குருமூர்த்தி கை நிறையச் சந்தனத்தைக் குழைத்து எடுத்தார். கருவிக்கு நெற்றி எது என்று ஒரு நிமிஷம் தேடினார். முகம் போல இருந்தது அந்த ஓட்டைகள் இருந்த இடம்தான். அங்கே பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். எண் மெதுவாக இறங்கியது. இறங்கி இறங்கி நாலில் வந்து நின்றுவிட்டது.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. கண்ணுசாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஐயா கை பட்ட உடனே காத்துச் சுத்தமாயிருச்சு பாருங்க" என்றார்.

குருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். "அன்பான பெற்றோர்களே, நான் பல ஊர்களின் காற்றை அளந்திருக்கிறேன். நாலு என்ற எண்ணை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. சுவிட்சர்லாந்தில்கூட இருக்குமா என்பது சந்தேகம். இந்தக் காற்றில் மஞ்சள் கலந்திருப்பதாக ஒரு மனு வந்திருக்கிறது. மஞ்சள் என்ன விஷமா? அது கிருமிநாசினி. காசு கொடுத்து வாங்க வேண்டிய மருந்தை உங்கள் பிள்ளைகள் பள்ளியிலேயே இலவசமாகச் சுவாசிக்கிறார்கள். இதுவரை இங்கே இருமியிருந்தால் அது அளக்கப்படாத இருமல். அதற்கு எங்கள் குழு பொறுப்பாகாது. இனிமேல் வருகிற இருமல் எல்லாம் முறைப்படி அளந்த பிறகு வருகிற இருமல் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

மறுநாள் காலையில் டிரம் ஓடியது. நாலாம் வகுப்பு ஜன்னலில் மஞ்சள் புகை மாதிரி தூசி புகுந்தது. இடைவேளையில் பச்சமுத்து ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். கருவியில் நாலு. டிரம் நின்ற பிறகு பார்த்தான். அப்போதும் நாலு. பள்ளிக்குப் பின்னால் குப்பை எரிந்த அன்றும் நாலு. இத்தனை மாற்றம் நடக்கிற உலகத்தில் மாறாமல் இருந்தது அந்த எண் ஒன்றுதான்.

"ஏனுங் டீச்சர், அது அசையவே மாட்டேங்குதே?" என்று கேட்டான்.

மைதிலி டீச்சர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "சந்தனம் காஞ்சு ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிச்சு பச்சமுத்து. எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா ஐயா கையால வச்ச பொட்டு. அதை நான் துடைச்சேன்னா, அடுத்த மாசம் என்னை எந்த மலை மேல தூக்கிப் போடுவாங்கன்னு தெரியாது. எனக்கும்தான் ராத்திரியெல்லாம் நெஞ்சு அடைக்குது." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக் காற்று சுத்தம் என்று ஆகிவிட்டதால் குற்றம் வீடுகளில்தான் இருக்க வேண்டும் என்று குழு முடிவு கட்டியது. வீடு வீடாகக் கேள்வி கேட்க பிரவீனா என்ற பெண்ணைக் கையில் டேப்லெட்டோடு அனுப்பினார்கள். விறகு அடுப்பு இருக்கிற வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி விழும் என்ற செய்தி அவளுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. உடனே ஒரு கேஸ் சிலிண்டரைத் தயார் செய்தார்கள். பச்சமுத்துவின் மைத்துனன் மாதேஷ் அதை டி.வி.எஸ். வண்டியில் வைத்துக்கொண்டு, பிரவீனா முன்வாசலில் நுழையும்போது பின்வாசல் வழியாக இறக்குவான், அவள் வெளியே வந்ததும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவான். ஊர் முழுக்க ஒரே சிலிண்டர், ஒரே இடத்தில் நசுங்கல். அவளும் ஒவ்வொரு வீட்டிலும் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரின் முன்னேற்றம் அவளுக்கே வியப்பாக இருந்திருக்கும்.

பச்சமுத்துவின் வீட்டுக்கு மட்டும் சிலிண்டர் போகவில்லை. அவன்தான் வேண்டாம் என்றுவிட்டான். புள்ளையைக் குணப்படுத்த வந்தவர்களிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவன் எண்ணம்.

"கேஸா, விறகா?" என்று பிரவீனா கேட்டாள்.

"கேஸு இருக்குதுங்க. மாசப் பொறப்புல எரியும். அப்பறமேலு வெறகுதானுங்க."

"ஒரே அறையிலதான் எல்லாரும் தூங்குவீங்களா?"

"இருக்கறதே ஒரே அறைதானுங்க."

"வேலை பார்த்த சட்டையோட குழந்தையைத் தூக்குவீங்களா?"

பச்சமுத்துவின் முகம் மலர்ந்தது. அவளுடைய கேள்விகளிலேயே அவனுக்குப் பிடித்த கேள்வி அதுதான். "ஆமாங்க. நா ஊட்டுக்குள்ள காலு வெக்கறதுக்குள்ள ஓடியாந்து தோள்ல ஏறிக்கும். எறங்கவே எறங்காதுங்க."

பிரவீனா ஓர் இடத்தைத் தொட்டாள். திரை முழுக்கச் சிவப்பானது. அவள் முற்றத்துக்கு வந்து போனை எடுத்தாள். "சார், கிடைச்சிடுச்சு சார்."

அடுத்த வாரம் பள்ளி வளாகத்தில் கூட்டம். பச்சமுத்துவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பெருமாயி, அவன் மனைவி, புதுச்சேலை உடுத்தி மகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரம் ஓடும் நேரம் மாறப்போகிறது என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

"நாங்கள் எல்லாக் காரணிகளையும் திறந்த மனதோடு ஆராய்ந்தோம்" என்று தொடங்கினார் குருமூர்த்தி. "டிரம் என்பது தொழில்துறையின் கீழ் வருகிறது, அதைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை. சுவர் கட்டடப் பிரிவுக்குச் சொந்தம். ஜன்னல் கல்வித் துறை. காற்று எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கடிதம் எழுதிக் கேட்டோம், இன்னும் பதில் இல்லை. எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல், நாங்கள் தைரியமாக நடவடிக்கை எடுக்கக்கூடிய நிலையில் ஒன்றே ஒன்று கிடைத்தது. இதோ, முன்வரிசையில் இருக்கிறார்." அவர் கையை நீட்டினார். "இந்தப் பள்ளியின் முதன்மை ஆபத்துக் காரணி, திரு. பச்சமுத்து."

கூட்டம் கைதட்டியது. பெயரைச் சொல்லிக் கை நீட்டினால் தட்டுவது வழக்கம். பச்சமுத்துவும் எழுந்து கும்பிட்டான். அர்த்தம் மெதுவாகத்தான் புரிந்தது.

உத்தரவை வாசித்தார்கள். சித்திரையோடு மஞ்சள் காலம் முடியும்வரை பச்சமுத்து தன் மகளைத் தூக்கக்கூடாது, அவளோடு ஒரே வீட்டில் தூங்கக்கூடாது. பள்ளி நடக்கும் நேரத்தில் பள்ளியிலிருந்து நூறு மீட்டருக்குள் வரக்கூடாது. அவன் நிற்க வேண்டிய எல்லையில் சாலையின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு என் கடையைத் தாண்டி வேப்பமரத்தடியில் விழுந்தது.

"அப்ப களத்துக்கு வேலைக்குப் போறதுங்க?" என்று கேட்டான் பச்சமுத்து.

அதையும் அளந்தார்கள். பள்ளி வாசலிலிருந்து தெருவைச் சுற்றிக்கொண்டு களத்து வாசலுக்குப் போனால் இருநூறு மீட்டர் வந்தது. சுவரைத் தாண்டி அளந்தால் ஒரு கை நீளம்தான். ஆனால் அரசு ஊழியர்கள் சுவர் ஏறி அளப்பதற்கு விதியில் இடம் இல்லையாம். ஆக, தினமும் டிரம் ஓட்டிக்கொண்டு பச்சமுத்து மகளிடமிருந்து சட்டப்படி தூரமாக இருந்தான்.

விழிப்புணர்வுக்காக பேனர் வைத்தார்கள். மேலே குருமூர்த்தி பெரிதாகக் கும்பிட்டுச் சிரித்தார். கீழே பச்சமுத்துவின் பாஸ்போர்ட் அளவுப் படம். அச்சடித்த கடைக்காரருக்கு அவசரம் போலிருக்கிறது. தனி ஆள் படம் என்றதும் கம்ப்யூட்டரில் தயாராக இருந்த கண்ணீர் அஞ்சலி வடிவத்தில் ஏற்றிவிட்டார். படத்தைச் சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் 'ஆபத்துக் காரணி'. தம்மம்பட்டி பஸ்ஸில் போன யாரோ பார்த்துவிட்டுத் தகவல் சொல்ல, பெருமாயியின் சித்தி பாப்பாயி மறுநாளே உறவுக்காரர்களைத் திரட்டி வேன் பிடித்து வந்து, தெருமுனையிலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு இறங்கினாள். பள்ளி விட்டுவிட்ட நேரம், பச்சமுத்து என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"உசுரோட இருக்கற மனுசனுக்கு எதுக்குடா மாலை போட்டாங்க?" என்று அந்தக் கிழவி அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள்.

"எனக்கும் தெரியலீங் சின்னத்த" என்றான் அவன். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்ததெல்லாம் அவன்மேல்தான். "போடா, யாரு என்ன பண்ணீருவாங்க? ஊட்டுக்குப் போயித் தூங்கு" என்று திட்டினேன்.

"நெசமாவே என்னாலதான் வருதுன்னா?" என்று என்னைக் கேட்டான். "சட்டை பூராத் தூசிதான. அதோடதான அவளத் தூக்குனேன்." அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்தக் கொஞ்சம் உண்மையை வைத்துத்தான் அவன் கழுத்தில் அவ்வளவு பெரிய மாலையைப் போட்டிருந்தார்கள்.

அவன் களத்திலேயே படுத்துக்கொண்டான். ஆள் அங்கேயே கிடைத்ததால் கண்ணுசாமி விடியும்போதே டிரம்மை ஓட்டச் சொன்னார். தூசி கூடியது. சரக்குக் கொட்ட டிரம்மை நிறுத்துகிற சிறிது நேரம் மட்டும் சுவருக்கு அப்பாலிருந்து பிள்ளைகளின் இருமல் கேட்கும். அதில் மகளின் இருமலைத் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டே நிற்பான். குறையவில்லை என்று தெரியும். உடனே கையைப் பார்ப்பான், சட்டையைப் பார்ப்பான், போய்க் குளித்துவிட்டு வருவான்.

குழுவின் கணக்கில் இருமல் குறைந்துவிட்டது. கருவியில் நாலு, காரணி வெளியே. வேறு என்ன வேண்டும்? பங்குனிக் கடைசியில் 'தூய காற்றுப் பள்ளி' கேடயம் வழங்கும் விழா வைத்தார்கள். இருமுகிற பிள்ளைகள் வழக்கம்போலக் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். ஆனால் ரஞ்சிதா போக முடியாது. குணமான பிள்ளையாக மேடையில் நின்று நன்றி சொல்ல வேண்டியவள் அவள்தான். மைதிலி டீச்சர் அவளுக்குப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு இருமலை விழுங்கச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுக்கும்போது டீச்சரின் கண்ணில் தண்ணீர் நின்றதைக் கடையிலிருந்தே பார்த்தேன். வயிற்றுப் பிழைப்பு மனிதரை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது.

டிரம் நின்றிருந்தது. பச்சமுத்து அதன்மேல் ஏறி நின்று சுவருக்கு மேலாகப் பார்த்தான். மகள் புதுப் பாவாடையில், எண்ணெய் வைத்துப் பின்னிய சடையோடு மேடையில் நின்றாள். குருமூர்த்தி பேசிக்கொண்டே இருந்தார்.

"இதோ இந்தச் சிறுமியைப் பாருங்கள். எவ்வளவு ஒழுக்கமாக நிற்கிறாள்! சென்ற மாதம் இவள் இருமினாள் என்கிறார்கள். இன்று இருமுகிறாளா? நான் கேட்கிறேன், இன்று இருமுகிறாளா?"

அவள் இருமவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. குருமூர்த்தி குழுவின் வரலாற்றைச் சொன்னார், குழு இன்னும் செல்லப்போகிற ஊர்களைச் சொன்னார், தனக்கு உறுதுணையாக இருந்தவர்களுக்கெல்லாம் பேர் சொல்லி நன்றி கூறினார். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மேடையில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள்.

பச்சமுத்து சுவரைத் தாண்டிக் குதித்தான்.

"ஏய், ஆபத்துக் காரணி உள்ள வந்துட்டான்! புடிங்க!" என்று மேடையிலிருந்தவர்கள் கத்தினார்கள். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மாதேஷ் வண்டியை எடுத்தான். வண்டி கிளம்பும்போது அவன் முதுகிலும் அவள் கன்னத்திலும் மஞ்சள் அப்பியிருந்தது.

ராசிபுரம் ஆஸ்பத்திரியில் புகை மருந்து வைத்து, ஊசி போட்டு, மூச்சைத் திருப்பினார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, சில நாள் இருக்கட்டும் என்றார்கள். முகமூடியைக் கழற்றியதும் அவள் அப்பனின் காதருகே வந்து பேசினாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அப்பா, கடைசி வரைக்கும் நா இருமவே இல்லீங்ப்பா. டீச்சர்ட்டச் சொல்லீரு."

அவன் அதுவரை அழவில்லை. அப்போது அழுதான். அந்த நாட்களெல்லாம் அவள் அதே சட்டையில், அதே தோளில்தான் தூங்கினாள். மருந்து வேலை செய்தது, மூச்சு சீராகிக்கொண்டே வந்தது, அந்தச் சட்டையால் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மஞ்சள் களம் கிடையாது.

இங்கே குருமூர்த்தி கொதித்துப்போயிருந்தார். காரணி அருகில் வந்ததும் குழந்தைக்கு மூச்சுத் திணறியதை ஊரே பார்த்துவிட்டது. இதைவிட ஆய்வுக்குச் சான்று வேறு இல்லை என்று அறிவித்தார். இன்னொன்றையும் ஊர் பார்த்திருந்தது. களத்துக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு குதிதான். ஆகவே உத்தரவைக் கடுமையாக்கினார். இனி தூரத்தைச் சுவரைத் தாண்டித்தான் அளக்க வேண்டும், பள்ளி நேரத்தில் நூறு மீட்டருக்குள் காரணியின் நிழல்கூடப் படக்கூடாது. அதைப் பேனராகவும் அடித்து, களத்து வாசலிலேயே கட்டச் சொன்னார். கண்ணுசாமிதான் கட்டுக்கம்பி கொடுத்தார்.

ரஞ்சிதா தேறி வந்த மறுநாள் காலை, பச்சமுத்து வேலைக்கு வரவில்லை. வேப்பமரத்தடியில், சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். கண்ணுசாமி கூப்பிட்டார்.

"எந்திரிச்சு வா சாமி, சரக்குக் கெடக்குது."

"உங்க வாசல்லயே எழுதியிருக்குதுங்க" என்றான் பச்சமுத்து, குரலை உயர்த்தாமல். "நாலு மணி வரைக்கும் நா வரக்கூடாதுங்க. வந்தா புள்ளைங்களுக்கு ஆகாதுங்க."

மற்ற ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. எல்லோருக்கும் அந்தப் பள்ளியில் பிள்ளை இருந்தது, எல்லோரும் சட்டை போட்டிருந்தார்கள். மாலை போட்ட பேனரில் ஏறுவதற்கு யாருக்கும் ஆசை இல்லை. கண்ணுசாமிக்கு ரோஷம் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சுவிட்சைப் போட்டார். நான் ஒரு டீ ஆற்றிக் கொடுக்கிற நேரம்கூட ஆகியிருக்காது; வெள்ளைச் சட்டை மஞ்சளாகி, கண் சிவந்து, குனிந்து நின்று இருமிக்கொண்டு வெளியே வந்தார். மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுக்குக் காப்பி கேட்டார், கொடுத்தேன்.

குழுவிடம் போய் முறையிட்டார். உத்தரவைத் திரும்பப் பெற்றால் ஆய்வு தவறு என்று ஆகிவிடும், கேடயத்தையும் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்று குருமூர்த்தி கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து டிரம் நாலு மணிக்கு மேல்தான் ஓடுகிறது. லாரி நின்று ஏற்றிக்கொண்டுதான் போகிறது. நாலாம் வகுப்பில் முந்தின நாள் தூசி பெஞ்சில் படிந்திருக்கும்; டீச்சர் ஈரத்துணியால் துடைக்க வைக்கிறார். இருமல் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. கருவியில் நாலு.

இருமல் குறைந்த செய்தி எப்படியோ குழுவுக்கு எட்டியது. பேனரின் வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். இனி ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு தகப்பனைக் கண்டறிய வேண்டுமாம். அதற்கென்று ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள்.

நேற்று ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கல் உடைக்கிற கிரஷரில் வேலை. பள்ளிக்குப் பின்னாலேயே கிரஷர். வேப்பமரத்தடிக்குப் போய் பச்சமுத்துவின் முன்னால் நின்றார்.

"அண்ணே, எங்க ஊருல ஆபத்துக் காரணியா என்னை எடுத்திருக்காங்க. என்ன பண்றதுன்னே தெரியல."

பச்சமுத்து அவரை உட்காரச் சொன்னான். "போட்டோ நல்லதாப் பாத்துக் குடுத்துருங்க. மாலை போட்டுத்தான் வரும், பயந்துக்காதீங்க. தூரத்த மட்டும் சேத்திக் கேளுங்க. செவுத்தத் தாண்டி அளக்கச் சொல்லுங்க. கிரசரு அந்த அளவுக்குள்ள வந்துரோணும்."

"அப்ப, பொண்ணத் தூக்குறது?"

பச்சமுத்து பள்ளிப் பக்கம் திரும்பினான். பள்ளி மணி அடித்தது. கண்ணுசாமி தினமும் இந்த நேரத்துக்கு என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், கையில் போனோடு. பச்சமுத்து மகளைத் தூக்குகிற மாதிரி ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும். உத்தரவை அவனே மீறிவிட்டான், இனி அதைச் சொல்லி வேலைக்கு வராமல் இருக்க முடியாது என்று காட்டி, மறுநாள் காலையிலேயே டிரம்மை ஓட்டிவிடலாம்.

ரஞ்சிதா பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கோட்டுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

"தூக்குப்பா."

பச்சமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "சித்திரை முடியட்டும் சாமி" என்றான். அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். தெருமுனையில் அவள் மறைகிறவரை பார்த்துவிட்டு, அவன் எழுந்து போய் டிரம்மின் சுவிட்சைப் போட்டான்.